உன் படத்தில் யாரும் சாகவில்லை

என் வாயாடி சுகந்திக்கு,

எங்கே இருந்தாலும் பக்கத்தில் இருப்பவரைப் பேச விடாமல் நீதான் பேசிக்கொண்டிருப்பாய். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இதைக் கேள். ஒரு விஷயத்தை நான் முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடிப்பது இதுதான் முதல் தடவை. நடுவில் தோளில் தட்டி "சீக்கிரம் சொல்லுடி, பஸ்ஸு பூடும்" என்று சொல்ல நீ இல்லை.

நம் படத்தை முடித்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை காலேஜில் போட்டார்கள். எப்படிப் போனது என்று இப்போதே சொல்லிவிட்டால் மீதியை நீ கேட்க மாட்டாய், அதனால் சொல்லப்போவதில்லை. இந்தக் கடிதத்தை டிபார்ட்மெண்ட் இதழிலும் போடுகிறார்கள். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்த சிலதை அவர்களுக்காகத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது காலேஜ் ஆபீஸ் வரிசையில், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேர் கையிலும் முதல் பட்டதாரி சான்றிதழ். என் அப்பா வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். உன் அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். நீ என் காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "நீயும் மொதல் பட்டதாரி, நானும் மொதல் பட்டதாரி. அப்ப ரெண்டாவது யாருடி?" என்று கேட்டாய். நான் காகிதத்தை மடிக்கப் போனேன். அதற்குள் என் பிறந்த தேதியையும் பார்த்துவிட்டாய். நான் உன்னைவிடப் பதினோரு நாள் மூத்தவள்.

அன்றிலிருந்து உனக்கு வேலை ஆக வேண்டிய நாட்களில் மட்டும் நான் "அக்கா". "அக்கா, அந்த ட்ரைபாடத் தூக்கிக்கினு வாயேன்." மற்ற நாட்களில் வெறும் "ஏய்".

கடைசி வருஷம், இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து பத்து நிமிஷப் படம் எடுக்கச் சொன்னார்கள். சீனியர்கள் எடுத்த படங்களை மேடம் போட்டுக் காட்டினார். எல்லாமே கோபுரத்தில் தொடங்கி தறிக்கு வந்து, திரும்பக் கோபுரத்துக்கே போயின. நீ எழுந்து, "மேடம், காஞ்சிபுரத்துல கேமராவத் தூக்கினா கோபுரத்தையும் தறியையும்தான் எடுக்கணும்னு சட்டம் ஏதாவது இருக்குதா?" என்று கேட்டாய். வகுப்பே சிரித்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரே மாலையில் கதை எழுதிவிட்டாய். பெயர் "காய் பழம்". ஒரு பெண் வீட்டில் சொல்லாமல் முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வருகிறாள். அம்மா அவளிடம் காய் விட்டுவிடுகிறாள். ஒரே வீட்டுக்குள் மூன்று நாள் பேச்சு இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் பேசாமலும் இருக்க முடியாது. அம்மா குக்கரிடம் சொல்கிறாள்: "குக்கரே, சோறு ஆயிடுச்சி, வேணும்ன்றவங்கள வந்து கொட்டிக்கச் சொல்லு." மகள் மின்விசிறியைப் பார்த்துப் பதில் சொல்கிறாள்: "ஃபேனே, எனக்குப் பசிக்கலன்னு அந்தக் குக்கருகிட்ட சொல்லிடு."

மகளாக நீயே நடித்தாய். படத்துக்காக நிஜமாகவே முடியை வெட்டிக்கொண்டாய். உங்கம்மா நிஜமாகவே இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. "செம மூஞ்சிடி, வேற யாராலயும் இப்படித் தூக்கி வெச்சிக்க முடியாது" என்று அவரையே அம்மாவாக நடிக்க வைத்தாய். நான் கேமரா. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் என்னிடம் ஓடிவந்து ஒன்றே ஒன்றுதான் கேட்பாய்: "சிரிப்பு வந்துதா?"

உங்கள் தெருவில் பேச்சைப் பதிவு செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. உங்கள் வீட்டில் ஒரு தறி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு. காலையில் தொடங்கினால் இருட்டும்வரை டக்கு டக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். நீதான் யோசனை சொன்னாய். அமாவாசை நெசவுக்காரர்களுக்கு விடுமுறை, ஒரு தறியும் ஓடாது. இரண்டு அமாவாசையில் எல்லாவற்றையும் எடுத்து முடித்தோம். எவ்வளவு சுத்தமான சத்தம் என்று ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு நீ ஆடிய ஆட்டம்!

கடைசிக் காட்சியை மூன்றாவது அமாவாசைக்கு வைத்திருந்தோம். நாலாம் நாள் காலை, அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று முதலில் வாய் திறக்கிறாள். "வாடி, இருக்கிற முடிக்காவது எண்ணெ வெக்கறேன்." அவ்வளவுதான், பழம்.

அதற்கு ஐந்து நாள் முன்னால் நீ போய்விட்டாய். நாலே நாள் காய்ச்சல்.

போனில் உன் உடம்புக்கு ரொம்ப முடியவில்லை என்று மட்டும்தான் சொன்னார்கள். முதல் பஸ்ஸில் வந்தேன். உங்கள் தெருமுனை திரும்பியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அமாவாசை இல்லை. ஒரு தறியும் ஓடவில்லை.

உங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால், எடுத்துக்கொண்டு போகும்வரை யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். எனக்கு அதைச் சொன்னதே நீதான். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

ஒரு மாதம் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "படம் முக்கால்வாசி இருக்கு கோமதி. கடைசிக் காட்சி வேணாம். சுகந்தி போட்டோ, பக்கத்துல ஒரு விளக்கு, பின்னால புல்லாங்குழல். மொதல்லயும் ஒரு அஞ்சலி கார்டு போட்டுடலாம். பாக்கறவங்க எல்லாரும் அழுதுடுவாங்க." நான் "சரி மேடம்" என்றேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, நான் எல்லோருக்கும் சரி சொல்கிறவள்.

அன்று பஸ் அய்யம்பேட்டையைத் தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். "எல்லாரும் அழுதுடுவாங்க." நீ என்னிடம் ஒரு நாளாவது "அழுகை வந்துதா" என்று கேட்டிருக்கிறாயா?

மறுநாள் மேடம் அறை வாசல்வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை உள்ளே போய், மேஜையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "இது காமெடிப் படம் மேடம். காமெடியாவே முடிக்கறேன்."

மேடம் கோபப்படவில்லை. "யாரு சிரிப்பாங்க கோமதி?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் இத்தனை மாதமும் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இறந்துபோன பெண் வாயடித்துக்கொண்டு நிற்கிற படத்தைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? அதிலும் உங்கம்மா எதிரில்? ஆனால் யாரும் சிரிக்காவிட்டால் அது உன் படம் இல்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

வகுப்பில் படங்களைப் போட்டுக் காட்டும் வரிசையில் மேடம் எனக்குக் கடைசி இடம் கொடுத்தார். அதுவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மதியமும் மற்றவர்கள் படத்தைப் பார்க்க வேண்டும். முன்னெல்லாம் நாம் எப்படிப் பார்ப்போம்? பின் வரிசையில் உட்கார்ந்து, எது நம்முடையதைவிட மொக்கை என்று நீ நோட்டில் மார்க் போடுவாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். இந்தத் தடவை முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். எனக்கு உதவி தேவைப்பட்டது. கேட்கத் தெரியாது, அதனால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நம்ம பிரபு. ட்ரோன் பிரபுவேதான். படம் போடுவதற்கு முன்னால் மேடையில் நின்று பத்து நிமிஷம் பேசினான். "இது எங்க அப்பாவைப் பத்தின படம். கடைசியில கண்டிப்பா எல்லாரும் அழுவீங்க. கர்ச்சீப்ப இப்பவே எடுத்து வெச்சிக்குங்க." வயலின் அழுதது, மழை பெய்தது, மெதுவான நடை எல்லாம் இருந்தது. ஒருத்தர் கண்ணும் நனையவில்லை.

ஆனால் நடுவில் ஒரு ஷாட். வயலில் நிற்கிற அவன் அப்பாவை நோக்கி ட்ரோன் இறங்குகிறது. அவர் பயந்துபோய்த் தோளில் இருந்த துண்டை எடுத்து, மாட்டு ஈயை விரட்டுகிற மாதிரி விசிறுகிறார். வகுப்பு வெடித்துச் சிரித்தது. அந்த ஒரு நொடியில் எங்கள் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனது. பிரபு முகம்தான் கறுத்துவிட்டது.

வெளியே வந்ததும் அவனிடம், "உன் படத்துல ஒண்ணு கத்துக்கினேன்" என்றேன். நானாகப் போய்ப் பேசியதே அவனுக்கு ஆச்சரியம். "எந்த ஷாட்டு? மழை ஷாட்டா?" என்றான்.

"துண்டு ஷாட்."

"ஐயோ, அது தப்பா வந்த ஷாட்டுமா! வேற வழியில்லாம அத உள்ள விட்டேன்."

நான் அன்றைக்கு நோட்டில் எழுதினேன்: அழு என்று சொன்னால் யாரும் அழ மாட்டார்கள். சிரி என்று சொன்னாலும் அப்படித்தான் இருக்கும். விளக்கு வேண்டாம், புல்லாங்குழல் வேண்டாம் என்று என் வயிற்றுக்குள் இருந்த பிடிவாதத்துக்கு அன்றுதான் ஒரு காரணம் கிடைத்தது.

அடுத்த வாரம் லோகேஷ். உங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பானே, அவன். படம் ரொம்பச் சின்னது. ஒருவன் வீட்டு மூலையில் நின்று, யாருக்கும் கேட்காமல் ஒரு பெண்ணிடம் போனில் காதலைச் சொல்லப் பார்க்கிறான். பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிறது. அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை ஏற்றுகிறான். கடைசியில் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தும்போது தறி நின்றுவிடுகிறது. பேச்சில் பாதி யாருக்கும் புரியவில்லை. மேடம் சத்தத்துக்கு ஐந்து மார்க் குறைத்தார். ஆனால் படம் ஓடுகையில் ஒருவரும் போனை எடுத்துப் பார்க்கவில்லை. அது ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

அதற்கடுத்த வாரம், எடுத்தவரைக்கும் போட்டுக் காட்டச் சொல்லி மேடம் என்னைக் கூப்பிட்டார். எட்டு நிமிஷம். குக்கர் வசனம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஃபேன் வசனம் வந்தது. யாரோ செருமினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கைப் போட்டதும் எல்லோர் முகமும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முகம் மாதிரி இருந்தது.

லோகேஷ்தான் மெதுவாகக் கேட்டான். "தப்பா நினைச்சிக்காதம்மா. இந்தப் படம் ஏன் சாவு வீடு மாதிரி இருக்குது?" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். பிரபு அவன் முதுகில் ஒன்று வைத்தான். "டேய், அறிவில்ல உனக்கு?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "இரு பிரபு. நீ சொல்லு லோகேஷ். எதை வெச்சி சொல்ற?"

"வெயில் அடிக்குது. அடுப்பு எரியுது. பட்டப்பகல். ஆனா ஒரு தறி ஓடல. எங்க தெருவுல அப்படி இருந்தா யாரோ பூட்டாங்கன்னு அர்த்தம். எங்கம்மா இதப் பாத்தா மொதல்ல 'யாரு வீட்ல?'ன்னுதான் கேப்பாங்க."

"அமாவாசைல எடுத்தோம். அதான் தறி ஓடல."

"அமாவாசைன்னு படத்துல எங்க சொல்லியிருக்குது?"

சுகந்தி, நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுத்தமான சத்தம், சுத்தமான சத்தம் என்று ஆடினோமே. நீ உயிரோடு, வாயாடிக்கொண்டு நின்றபோதே உன் வீட்டை நாம் இரண்டு பேருமாகச் சாவு வீடாக எடுத்து வைத்திருக்கிறோம். வெளியூர்க்காரர்கள் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அமாவாசையும் தெரியாது, தறிச் சத்தத்தோடுதான் எடுத்திருப்பார்கள். தெரு தெரிந்த நீயும், தெருவை உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நானும்தான் இப்படி மாட்டிக்கொள்ள முடியும்.

ஆனால் ஒரு விஷயம். யாரும் சிரிக்காததற்கு நீ இல்லாதது மட்டும் காரணம் இல்லை. படமே அவர்களிடம் சிரிக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தது. நீ இல்லாததை என்னால் சரி செய்ய முடியாது. படத்தைச் சரி செய்யலாம். நான் எழுந்து லோகேஷிடம் "ரொம்ப தேங்க்ஸ்" என்றேன். அவன் பயந்துபோய்ப் பிரபுவைப் பார்த்தான்.

அந்தச் சனிக்கிழமை மைக்கை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கப்பா காரியம் முடிந்ததும் தறியில் உட்கார்ந்தவர்தான், அதிகம் பேசுவதில்லை. ஷூட்டிங் நாட்களில் நீ அவரை வீட்டை விட்டே துரத்திவிடுவாய், அதனால் கதைகூட அவருக்குப் பாதிதான் தெரியும். தறிச் சத்தம் வேண்டும் என்று கேட்டேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எந்த சீனுக்கு?"

"எல்லா சீனுக்கும்பா."

"சண்ட சீனுக்கு வேகமா நெய்யணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டிருக்கிறார். பிறகு தறியிலிருந்து எழுந்து வந்தார். "நம்ம தறிய எடுக்காதம்மா. இது ஓடினா அவங்க பேசறது எதுவும் கேக்காது. மைக்க சுவத்துல வெச்சி குமார் வீட்டுத் தறிய எடு. வீட்டுக்குள்ள உக்காந்துக்கினு சண்ட போடறவங்களுக்கு அந்தச் சத்தம்தான் கேக்கும்."

என் கையிலிருந்து மைக்கை வாங்கி, சுவரோரம் அவரே பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தறி நின்றது. குமார் அண்ணன் குரல் வந்தது. "இன்னா அண்ணே, உன் தறி நின்னுபோச்சி? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. படம் எடுக்கறோம். நீ பேசாம நெய்யி."

அரை மணி நேரம் அவர் கை ஆடவே இல்லை. அந்தச் சத்தத்தைப் படம் முழுக்கக் கீழே ஓடவிட்டேன். ஒரு ஷாட்டையும் மாற்றவில்லை. லோகேஷிடம் போட்டுக் காட்டினேன். முதல் குக்கர் வசனத்திலேயே சிரித்துவிட்டான். சிரித்துவிட்டு, "சாரி" என்றான். "சாரி சொல்லாத, இன்னொரு வாட்டி சிரி" என்றேன். இப்படிப் பேசியது நான்தான், நம்பு.

மிச்சம் இருந்தது கடைசிக் காட்சி. உங்கம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். "அவ இல்லாம யாருகிட்டம்மா சொல்றது? சுவத்துகிட்டயா?"

"படத்துல குக்கருகிட்டயே பேசினீங்களேம்மா" என்று என் வாய் சொல்லிவிட்டது. உடனே பயந்துவிட்டேன். "அவ வாய் உனக்கு ஒட்டிக்கிச்சி" என்றார். ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிரபு ஒரு வழி சொன்னான். நான் முடியை உன்னைப் போல் வெட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு நாள் மதியம் உங்கம்மா எதிரில் பின்னலை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கத்தரிக்கோலை அவர் கையிலேயே கொடுத்தேன். என் முடியைக் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

"உங்கம்மா உன்கூடக் காய் விட்டா, அங்கயும் நான் வந்து சமாதானம் பேசணுமா?" என்றார். சீப்பை எடுத்துக்கொண்டே, "முடிய வெட்டிக்கினா அவளா ஆயிடுவியா? வேணாம்மா" என்றார். எனக்குப் பின்னல் போட்டு அனுப்பினார்.

வழி காட்டியது நஸ்ரீன். நம் வகுப்பிலேயே என்னைவிடக் குறைவாகப் பேசுகிற ஒரே ஆள். அவள் அம்மாவைப் பற்றிப் படம் எடுக்க ஆசை, அம்மாவுக்கு முகத்தைக் காட்டப் பிடிக்கவில்லை. அவள் வற்புறுத்தவில்லை. கேமராவைக் கூடத்திலேயே வைத்துவிட்டாள். அடுத்த அறையில் அம்மா. வளையல் சத்தம், செருப்புச் சத்தம், பிரிட்ஜ் கதவு, "யாரு லைட்ட அணைக்காம போனது?" என்கிற குரல். ஒரு தடவைகூட அவர் தெரியவில்லை. படம் முடிந்தபோது எங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது.

பிரபு கேட்டான். "உங்கம்மா நல்லா குண்டா இருப்பாங்கதானே? நடக்கற சத்தத்துலயே தெரியுது."

"ஒல்லிபா. செருப்புதான் பெருசு, வாப்பாவோடது" என்றாள் நஸ்ரீன். அவள் ஜோக் அடித்து நான் கேட்டது அன்றுதான்.

கேன்டீனில் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். இரண்டு ஊமைகள். டீ ஆறிப்போன பிறகு கேட்டேன். "காட்ட முடியாத ஆள எப்படிப்பா படத்துல வெக்கறது?"

"காலி நாற்காலியக் காட்டாத" என்றாள். "அதக் காட்டினா ஆளு இல்லன்னு ஆயிடும். கதவுக்கு அந்தப் பக்கம் வெச்சிடு. அப்ப வீட்லதான் இருக்காங்க."

நான் உங்கம்மாவிடம் போய் இதை மட்டும் சொன்னேன். "சுகந்தி பக்கத்து ரூம்ல இருக்கா. நீங்க கூப்பிடணும், அவ்ளோதான்." அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

அமாவாசைக்குக் காத்திருக்கவில்லை. சாதாரணச் செவ்வாய்க்கிழமை, குமார் அண்ணன் தறி ஓடிக்கொண்டிருக்க எடுத்தோம். கேமரா அடுப்படியில், நஸ்ரீன் பிடித்தாள். உங்கம்மா கிண்ணத்தோடு பக்கத்து அறை வாசற்படியைப் பார்த்து நிற்க வேண்டும். படிக்கு அந்தப் பக்கம், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், நீ உட்காருகிற முக்காலியோடு நான். அவர் வசனம் சொன்னதும் முக்காலியை நான் இழுக்க வேண்டும். நீ வருகிறாய் என்று அர்த்தம். அதுதான் படத்தின் முடிவு.

"ஆக்‌ஷன் யாரு சொல்றது?" என்று நஸ்ரீன் கேட்டாள்.

அதை நான் யோசிக்கவே இல்லை. எப்போதும் நீதானே சொல்வாய். சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. முதல் தடவை உங்கம்மாவுக்குக் குரல் வரவில்லை. இரண்டாவது தடவை "வாடி" என்றதும் அழுதுவிட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்திலிருந்தே சொன்னார். "இன்னாம்மா ஆக்‌ஷன் சொல்ற, காதுல ரகசியம் சொல்ற மாதிரி? அவ சொல்ற மாதிரி சத்தமா சொல்லு. அப்பதான் எனக்கு வரும்."

கத்தினேன். எங்கள் ஊர் மில்வரை கேட்டிருக்கும்.

"வாடி, இருக்கிற முடிக்காவது எண்ணெ வெக்கறேன்."

முக்காலியை இழுத்தேன். அவசரத்தில் வேகமாக இழுத்துவிட்டேன், கிரீச்சென்று கத்தியது.

"மெதுவா இழுடி, தரை கீறுது! எத்தினி வாட்டி சொல்றது உனக்கு!"

உங்கம்மா வாயில் தானாக வந்தது. இது நீ எழுதியது இல்லை. யாரும் எழுதியது இல்லை. செத்துப்போனவர்களை யாரும் இப்படித் திட்ட மாட்டார்கள், சுகந்தி. கட் சொல்ல நான் மறந்துவிட்டேன். நஸ்ரீன்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம். உங்கப்பா, உங்கம்மா, குமார் அண்ணன், எதிர்வீட்டு அக்கா என்று தெருவில் பாதி வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அறிமுகம் செய்யச் சொல்லி மேடம் மைக்கைக் கொடுத்தார். "இது சுகந்தி எழுதி இயக்கின படம். காமெடி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரையில் நீ வந்தாய். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் திரையைப் பார்க்காமல் உங்கம்மா பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்போது எதிர்வீட்டு அக்கா சத்தமாகக் கேட்டார். "யாரு தறி இது? குமாரு தறிதானே? அவன்தான் இப்படித் தாறுமாறா அடிப்பான்."

"இன்னாக்கா, இங்கயும் வந்து வம்பா?" என்றார் குமார் அண்ணன். ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது.

பிறகு குக்கர். அம்மா சொல்ல, நீ உதட்டைச் சுழித்துக்கொண்டு ஃபேனைப் பார்த்தாய். முதல் வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உங்கம்மாதான். "மூஞ்சியப் பாரு, மூஞ்சிய!" என்று உன்னைக் காட்டிச் சிரித்தார். அப்புறம் யாரைப் பிடித்து நிறுத்துவது? பிரபு மேஜையைத் தட்டினான். உங்கப்பா எதற்கும் சிரிக்கவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் "சத்தம் நான் புடிச்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முக்காலி கத்தி, "தரை கீறுது" வந்தபோது நீ பார்த்திருக்க வேண்டும். நீ கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதாகவே நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும் முன்னால் உன் பெயர் வந்தது. எழுத்து, இயக்கம்: சுகந்தி. பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் இல்லை. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தறிச் சத்தம் டயலாக்க அமுக்குது, ரெண்டு மார்க் குறைக்கறேன்" என்றார். குறைக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தப் படத்தை எந்த ஊரில், எவ்வளவு பெரியவர்கள் கேட்டாலும், உன் பெயருக்கு முன்னால் "மறைந்த" என்று போட விடமாட்டேன். அடுத்த கதையை நானே எழுத ஆரம்பித்துவிட்டேன். அதில் ஆக்‌ஷன் நான்தான் சொல்வேன், தெருமுனைவரை கேட்கிற மாதிரி. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் கதவுக்கு அந்தப் பக்கம் பார்த்து, உன்னிடம் கேட்பேன்: சிரிப்பு வந்துதா?

இனி வேலை எதுவும் இல்லாத நாளிலும் நீ என்னை அப்படியே கூப்பிடலாம்.

பதினோரு நாள் மூத்த உன் அக்கா,
கோமதி